ஓட்டை இல்லாத இடம்

அவர் மேசையைத் தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வலது கை நடுவிரலின் முட்டியால் இரண்டு தரம். கதவைத் தட்டுகிற ஆளுக்கு உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கும். இவர் தட்டுவதில் அந்த நினைப்பு இருக்காது. தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டின் முன் அறைதான் கடை. பட்டுத் தறியின் தலையில் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதில் நீள நீளமான அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் இழை மேலே எழும்பும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. புடவையில் வருகிற மயிலும் யானையும் கோபுரமும் இதிலிருந்துதான் வருகின்றன. டிசைன் போடுகிறவர் கட்டம் கட்டமாக கிராஃபில் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவது அவர் வேலை. குத்திய அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றில் கோர்ப்பது என் வேலை. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பத்தாவது வரை படித்தவன். யாரோடும் அதிகம் பேசவேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

அவரும் பேசமாட்டார். ஒருமுறை ஒரு நெசவாளர் பாதி நெய்த முந்தானையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். மயிலுக்கு மூன்று கால் வந்திருந்தது.

"கண்ணு தெரியலையா உனக்கு? ஒலகத்துல எந்த மயிலுக்குய்யா மூணு காலு?"

இவர் எழுந்துபோய் கிராஃபை எடுத்துவந்து விரித்தார். வரைந்தவர் தவறுதலாக ஒரு கால் அதிகமாக வரைந்திருந்தார்.

"கிராஃப்ல மூணு காலு இருக்குது. குத்தினேன்."

"மூணு கால்னு உனக்குத் தெரியலையா?"

"நான் கால எங்கப்பா பாத்தேன்? கட்டம் கருப்பா இருந்தா குத்துவேன், வெள்ளையா இருந்தா வுட்டுடுவேன். மயிலப் பாத்துக்கினே குத்தினா கை தப்பிடும்."

அந்த ஆள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. தெருவே வேறு தெருவாகிவிடும். எப்போதும் கேட்கிற கட்டை அடிக்கும் சத்தம் நின்றுபோனால், அடுத்த வீட்டில் தண்ணீர் பிடிப்பது, எதிர்வீட்டில் யாரோ இருமுவது எல்லாம் காதுக்குள் நடப்பது போலக் கேட்கும். அந்த நாளில் பகல் பதினோரு மணிக்கு அவர் கடையில் நாங்கள் நாலு பேர் சீட்டு ஆடுவோம். அவர், நான், ஜரிகை வியாபாரம் செய்கிற பஷீர் பாய், தண்ணீர் கேன் போடுகிற தண்டபாணி. முதலில் ரம்மிதான் ஆடிக்கொண்டிருந்தோம். போக்கரைக் கொண்டுவந்தது தண்டபாணி. கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் சமையல்கட்டில் ஏழு வருஷம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவன் அவன். ஆளுக்கு இருநூறு ரூபாய். அதற்கு ஈடாகத் தண்ணீர் பாட்டில் மூடிகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவான்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் நம் முறை வரும். மூடிகளைத் தள்ளிப் பந்தயம் கட்டலாம், அதற்கு 'போடறேன்' என்போம். அளவு கிடையாது, கையில் இருப்பது மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். இல்லையென்றால் ஒன்றும் கட்டாமல் மேசையைத் தட்டலாம். தட்டுவது என்றால் ஆட்டத்தை விட்டு எழுந்துபோவது இல்லை. உள்ளேயே இருந்து, அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பது.

முதல் ஐந்தாறு மாதம் அவர் ஆடியதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். முறை வந்தால் அப்படியே உறைந்துவிடுவார். மூடிக்கும் மேசைக்கும் நடுவில் கை தொங்கிக்கொண்டிருக்கும். நெற்றியில் வியர்வை வரும்.

"அண்ணா, போடு, இல்ல தட்டு. பஸ்ஸுக்கா நிக்கற?" என்பான் தண்டபாணி.

"இதுல கிராஃப் இல்லியே" என்பார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

நானும் மோசமான ஆட்டக்காரன்தான். நல்ல சீட்டு வந்தாலும் பொய்யாகப் பந்தயம் கட்டினாலும் என் காது சிவந்துவிடும். "காதுல டார்ச் அடிக்குதுபா இவனுக்கு. அடுத்த தரம் மங்கி கேப் போட்டுக்கினு வா" என்று பாய் கிண்டல் செய்வார். ஒரு சித்திரை மாத அமாவாசைக்கு நான் உண்மையிலேயே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

அந்த நாளில்தான் தண்டபாணி அவருக்குப் புத்தி சொன்னான்.

"நல்ல சீட்டு வந்தா போடற, மட்டமா வந்தா தட்டற. உன்னப் படிக்க ஒண்ணாங்கிளாஸ் புள்ள போதும்ணா. நல்லது வந்தாலும் சில தரம் தட்டணும். ஒண்ணுமே இல்லன்னாலும் சில தரம் போடணும். நடுநடுவுல மாத்தினாதான் எதிராளிக்குக் கொழப்பம்."

"எப்ப மாத்தறதுன்னு எப்படித் தெரியும்?"

"உனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா மூஞ்சில வந்துரும். கப்பல்ல ஒருத்தன் வருவான். அவன் மொறை வந்ததும் வாட்சப் பாப்பான். செகண்டு முள்ளு இந்தப் பக்கம் இருந்தா போடுவான், அந்தப் பக்கம் இருந்தா தட்டுவான். அவன எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரணைப் பார்த்தார்.

அடுத்த அமாவாசைக்கு அவர் மடியில் ஒரு பழைய அட்டைக் கட்டு இருந்தது. பரணில் வருஷக்கணக்காகக் கிடந்தது அது. யாரோ குத்தச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன டிசைன். ஒரு தறியிலும் ஏறாதது. முதல் அட்டையின் ஓரத்தில் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகியிருந்தார். முறை வந்ததும் வலது கை மேசைக்குக் கீழே போகும். விரல் கிளிப்புக்கு அடுத்த இடத்தைத் தடவும். அங்கே ஓட்டை இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் தட்டுவார். பிறகு கிளிப்பை ஓர் இடம் நகர்த்திவைப்பார்.

"என்ன டிசைன்ணா அது?" என்று கேட்டேன்.

"தெரியல. குத்தினது நான்தான். கிராஃப் போட்டவன் யாருன்னு ஞாபகம் இல்ல."

அன்று முதல் அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. வியர்வை இல்லை, தயக்கம் இல்லை. ஒரு ஆட்டத்தில் பாய் இரண்டு ராணிகளை வைத்துக்கொண்டு நிறையக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். அடுத்த சீட்டு திறந்ததும், ஒன்றுக்கும் உதவாத இரண்டையும் ஏழையும் வைத்துக்கொண்டு இவர் மொத்த மூடியையும் தள்ளினார். பாய் ரொம்ப நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு ராணிகளைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டார். இன்னொரு ஆட்டத்தில் அவரிடம் மூன்று ராஜாவும் இரண்டு பத்தும் சேர்ந்திருந்தன. மூன்று தரம் முறை வந்தது. மூன்று தரமும் தட்டினார். கடைசியில் சீட்டைத் திருப்பியதும் தண்டபாணி தலையில் அடித்துக்கொண்டான்.

"இத வச்சிக்கினு எவனாச்சும் தட்டுவானாண்ணா? எங்க எல்லாரையும் ஒழிச்சிருக்கலாமே!"

"அங்க ஓட்டை இல்ல" என்றார்.

அன்று வெளியே செருப்பை மாட்டும்போது பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஜெயிக்கறாரு, தோக்கறாரு, அது வேற விசயம். எதிர்ல ஆள் ஒக்காந்துகினு இருக்கற மாதிரியே இல்லபா. காலி நாற்காலியோட ஆடற மாதிரி இருக்குது."

அட்டைக் கட்டு மடியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். சீக்கிரமே அதை ஒரு துணிப்பையில் போட்டு எங்கே போனாலும் கொண்டுபோக ஆரம்பித்தார். ஒருநாள் குத்திய அட்டைகளைக் கொடுப்பதற்காக இரண்டு பேரும் ஐயம்பேட்டைக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவர் பைக்குள் கையை விட்டார். ஏறவில்லை. அடுத்த ஆட்டோ காலியாகவே வந்தது. அதற்கும் ஏறவில்லை. மூன்றாவது ஆட்டோக்காரன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நான்காவதில் ஏறினோம். வழியெல்லாம், முன்னால் போன ஆட்டோ எங்கேயாவது கவிழ்ந்து கிடக்கும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மூன்று ஆட்டோக்களும் ஐயம்பேட்டையில் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆவலியேண்ணா" என்றேன்.

"ஆவும்னு யாரு சொன்னது?" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

இன்னொரு நாள் சாயம் போட்ட பட்டு நூலை எதிர்த்தெருக்காரர் கொடியில் காயப்போட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். திடீரென்று மேகம் மூடி முதல் துளிகள் விழுந்தன. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தோம். அவர் கை பைக்குள் போனது. வெளியே வந்து கதவு நிலையை இரண்டு தரம் தட்டியது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அள்ளியதில் பாதிதான் தேறியது. மிச்சத்திலிருந்து சிவப்புச் சாயம் இறங்கிச் சாக்கடை வரைக்கும் ஓடியது. நனைந்துபோய்த் திரும்பி வந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து அட்டை குத்திக்கொண்டிருந்தார். என்மேல் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. கணவர் பேசாததற்கும் சேர்த்து அண்ணி பேசுவார். "கொழம்பு ஊத்தவான்னு கேட்டா பைக்குள்ள கைய வுடறாருப்பா. நேத்து வெறும் சோறு துன்னுட்டு எழுந்துட்டாரு. நல்லவேளை, கட்டிக்கும்போது இந்த அட்ட இல்ல. இருந்திருந்தா எங்கப்பாவ வாசல்லயே நிக்க வச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அந்த மூச்சு வாங்கலுக்காகச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இதய வால்வு சரியாக மூடவில்லை. டாக்டர் இரண்டு வழி சொன்னார். இப்போதே ஆபரேஷன் செய்யலாம், அதில் ஆபத்து உண்டு. மாத்திரை கொடுத்துக் கொஞ்ச நாள் பார்க்கலாம், அதிலும் ஆபத்து உண்டு. அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள், வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும் என்றாராம்.

அண்ணிக்கு ஆபரேஷன்தான் வேண்டும். "மாத்திரய முழுங்கிக்கினு செவுத்தப் புடிச்சிக்கினே எத்தினி நாளு இருக்கறது? நிக்காம ஒரு தரம் பிரகாரம் சுத்தணும் எனக்கு. செத்தா சாவறேன்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அமாவாசை அன்னிக்குப் பாத்துச் சொல்றேன்" என்றார். அதுவரை கிளிப்பை நகர்த்தவில்லை. ஆறு நாள் ஒன்றுக்கும் பைக்குள் கை விடவில்லை. அந்த அடுத்த இடத்தை அண்ணிக்காக எடுத்துவைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எனக்கு அது தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்துதான் இருக்கவேண்டும்.

அமாவாசைக்கு முந்தின நாள் பகலில் அவர் குளிக்கப் போனதும் அண்ணி அந்தத் துணிப்பையோடு என்னிடம் வந்தார்.

"கிளிப்புக்கு அடுத்த எடத்தப் பாருப்பா. ஓட்டை இருக்குதா?"

நான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை இல்லை.

"குத்து."

"அண்ணி, நான் கோக்கறவன். இதுவரைக்கும் ஒரு ஓட்ட குத்தினது இல்ல."

"நான் குத்தினா கை நடுங்கும், கோணலாப் போயிடும். அவரு கண்டுபுடிச்சிடுவாரு. எனக்கு இதுல நம்பிக்க இல்ல, அவருக்கு இருக்குதே. அவரு நம்பறத வச்சித்தான் நான் பொழச்சாவணும். குத்துப்பா."

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துளை போடும் இரும்புக் குழாயை அந்த இடத்தில் நிறுத்தி மரச்சுத்தியால் ஒரு அடி அடித்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டத் துண்டு தெறித்துத் தரையில் விழுந்தது. அண்ணி குனிந்து அதைத் தேடி எடுத்துத் தன் மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு நாலு பேரும் உட்கார்ந்தோம். தண்டபாணி சீட்டைக் கலைக்கப் போனான். அவர் கை காட்டி நிறுத்திவிட்டு அட்டையை மடியில் வைத்தார். உள்ளே அண்ணி பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல் கிளிப்பைத் தாண்டி நகர்ந்தது. நகர்ந்து, நின்றது.

அவ்வளவு நேரம் அது எங்கும் நின்றதில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ஓட்டைகளின் விளிம்பு வருஷக்கணக்காகத் தூசி படிந்து மழுங்கிக் கிடக்கும். நேற்றுக் குத்தியதன் விளிம்பு விரலில் அறுப்பது போல இருக்கும். முப்பது வருஷம் ஓட்டை குத்திய விரலிடம் அதை எப்படி மறைக்க முடியும்?

அவர் தலையை நிமிர்த்தினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்திருந்தது. பாயைப் பார்த்தார். தண்டபாணியைப் பார்த்தார். பிறகு என்னை. நான் மூடிகளை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். என் காது கொதித்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"யாரு போட்ட கிராஃப் இது?" என்று கேட்டார். மிக மெதுவாகக் கேட்டார்.

பாயும் தண்டபாணியும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"சரி" என்றார். உள்ளே திரும்பி, "ஆபரேஷன் பண்ணிக்கலாம்மா. கையெழுத்துப் போடறேன்" என்றார். பிறகு அட்டைக் கட்டைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது மாதம் அண்ணி நிற்காமல் பிரகாரம் சுற்றிவிட்டு வந்து எனக்கு ஒரு கை நிறையப் பொங்கல் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

என் வீடு செவிலிமேட்டில். ஒருநாள் காலை ஆறரை மணிக்கு என் மனைவி வந்து எழுப்பினாள். "உங்க அட்டக்காரரு கேட்டாண்ட நிக்கறாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டேன்றாரு." எழுந்து போனேன். முதல் டவுன் பஸ்ஸில் வந்திருக்கவேண்டும்.

"போடவா, தட்டவா?" என்றார்.

"எதுக்குண்ணா?"

"அது உனக்கு வேணாம். விசயத்தச் சொன்னா யோசிப்ப. யோசிச்சா உன் ஆச அதுல வந்துரும். அப்பறம் அது மூணு கால் மயிலாப் பூடும். சும்மா சொல்லு."

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"கிராஃப் போட்டது நீதானே."

எவ்வளவோ மழுப்பிப் பார்த்தேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால்காரர் வந்து போனார், பேப்பர் வந்தது. அவர் அசையவில்லை. கடைசியில், எதுவும் அசையாமல் இருந்தால் எதுவும் கெடாது என்று எண்ணி, "தட்டுங்கண்ணா" என்றேன். அவர் கேட்டுக் கம்பியை இரண்டு தரம் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனபோது காலையில் வந்தவர் வேறு யாரோ என்பது போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். மழையிலும் வந்தார். ஐந்து மாதம். நான் தினமும் "தட்டுங்க" என்றேன். தினமும் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு. பனி விலகாத மார்கழியில் வாசலில் கோலம் போட முதலில் வெளியே போக என் மனைவி பயந்தாள். "பேசாம சிரிக்காம நிக்கறாருங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள். நான் அலாரம் வைத்து அவருக்கு முன்னாலேயே எழுந்திருக்கப் பழகினேன்.

தை மாதம் ஒரு நாள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். போன் அடித்தது. அவர் கேட்டில் நின்றார்.

"போடவா, தட்டவா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். தண்டபாணி சொன்ன 'நடுநடுவுல மாத்தணும்' நினைவுக்கு வந்ததா, எரிச்சலா, தெரியவில்லை.

"போடுங்கண்ணா" என்றேன்.

அவர் அதுவரை ஒருநாளும் இரண்டாவது தரம் கேட்டதில்லை. அன்று கேட்டார். "நெசமாவா?"

"ஆமாண்ணா, போடுங்க."

அவர் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தட்டாமல், திரும்பி நடந்தார். பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை.

ஒன்பது மணிக்கு நான் போனபோது கடை திறந்திருந்தது, அவர் இல்லை. மேசைமேல் பாதி குத்திய அட்டை இருந்தது. போன் சார்ஜில் இருந்தது. பர்ஸ் ஆணியில் மாட்டிய சட்டையில் இருந்தது. அன்று இரவு வரை தேடினோம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பாலாற்றுப் பாலத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கூரம் போகிற ரோட்டில் நடந்துபோனதாக ஒருவர் சொன்னார். இரண்டும் வேறு வேறு திசை. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

"காலைல ஒன்னாண்ட வந்தாரா?" என்று அண்ணி கேட்டார்.

"வந்தாருண்ணி."

"என்ன சொன்ன?"

"தட்டுங்கன்னு சொன்னேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது.

தினமும் அவர் வேறு வேறு விஷயம் கேட்கிறார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று இரவு படுத்தபோது, அந்த ஐந்து மாதமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாரோ என்று தோன்றியது. அதற்குமேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் பாயும் தண்டபாணியும் நானும் அண்ணியைப் பார்க்கப் போனோம். தெருவில் தறிச் சத்தம் இல்லை. அண்ணியே மூடி டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஆடுங்கப்பா. சத்தமே இல்லாம வூடு ஒரு மாதிரியா இருக்குது."

மூன்று பேர் ஆடினோம். எதிரில் அவருடைய காலி நாற்காலி. பாய் அதைப் பார்க்காமல் சீட்டைப் போட்டார். என் முறை வந்தது. கதவோரம் நின்றிருந்த அண்ணி சீட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இரண்டு பேரும் கிளம்பிய பிறகு, "நீ இருப்பா" என்றார். காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் கேட்டப்போ ஒன் காதப் பாத்தேன். இன்னிக்கும் பாத்தேன். இப்ப சொல்லு, என்ன சொன்ன அவருக்கு?"

"போடுங்கன்னு சொன்னேன் அண்ணி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து அந்த வட்டத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பந்தயத்துக்கு ஒரு மூடியைத் தள்ளுவதுபோல விரலால் என் பக்கம் தள்ளினார்.

"அவரு விசயத்தச் சொல்லாம கேட்டாரு. நான் சொல்லிட்டே கேக்கறேன். எங்கண்ணன் வந்து, பாலத்துல பாத்தாங்களாமே, இனிமே வர மாட்டாரு, பொட்டு எடுத்துரலாம், காரியத்தப் பண்ணிரலாம்ன்றாரு. பண்ணிட்டா நான் படுத்துத் தூங்குவேன். பண்ணலன்னா தெனமும் கதவத் தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். என்னப் பொழைக்க வச்சது நீ குத்தின ஓட்டதான். சொல்லு. போடவா, தட்டவா?"

அண்ணியின் நெற்றியில் பொட்டு இருந்தது. அந்தச் சின்னத் துண்டு மின்விசிறிக் காற்றில் லேசாக நகர்ந்தது. என் வலது கை எழுந்ததை நான் பார்த்தேன். நடுவிரல் முட்டி மேசையை இரண்டு தரம் தட்டியது. அந்தச் சத்தம் அவர் தட்டுவது போலவே இருந்தது.

அண்ணி துண்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். "சரிப்பா. நாளைக்கும் வந்து சொல்லு" என்றார்.

இப்போது முதல் டவுன் பஸ்ஸில் நான்தான் போகிறேன். ஆறரை மணிக்கு அண்ணி கதவைத் திறந்துகொண்டு நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார், என் கையைத்தான் பார்ப்பார். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலையும் கதவு நிலையில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் வந்தேன்.